‘பாழ் நிலம்’ வரைவுப் பதிப்பு: வெட்டியதால் வலுப்பெற்ற படிமங்கள்

ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட ‘பாழ் நிலம்’ நெடுங்கவிதையின் வரைவுத் தாள்களை அவருடைய இரண்டாம் மனைவி வேலரி எலியட் பதிப்பிக்க, 1971இல் ஃபேபர் நிறுவனம் நூலாகக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் தாளின் நிழற்படமும் எதிர்ப்பக்கத்தில் அதன் அச்சு வடிவமும் அமைந்திருப்பது வசதியானது. பென்சில் எழுத்து மங்கிய இடங்களில் அச்சு வடிவம் இல்லாமல் வாசிப்பு நகராது.

நவீனக் கவிதையில் ஒரு படிமம், அதாவது சொல்லால் தீட்டிய காட்சி, எவ்வாறு குறியீடாகக் கனம் பெறுகிறது என்பதற்கு, கவிதையின் ‘நீரில் மரணம்’ பகுதியே இந்நூலின் ஆகச் சிறந்த சான்று. வரைவில் அது, மீன்பிடிக் கப்பலொன்று வடக்கே சென்று பனிப்பாறையில் மோதும் நீண்ட கதை. வரைவைத் திருத்திய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்டு தயவுதாட்சண்யமின்றி அடித்துத் தள்ளியதில், பண்டைக் கடல் வணிகர்களான ஃபினீசியரில் ஒருவனான மாலுமி ஃபிளீபஸ் மூழ்கிக் கிடக்கும் 10 வரிகள் மட்டுமே மிஞ்சின. மனம் தளர்ந்த எலியட் அவற்றையும் நீக்கிவிடலாமா என்று கேட்டபோது, பவுண்டு மறுத்தார். முதல் பகுதியில் குறி சொல்பவள் எடுத்துக் காட்டும் சீட்டிலேயே அந்த மாலுமி வந்துவிடுகிறான் என்பது அவர் வாதம். வறண்ட பாறைகளுக்கிடையே நீருக்கு ஏங்கும் கவிதையில் நீரே சாவாகவும் நிற்பதற்கு, கப்பல் கதை தொலைந்ததே காரணம் என்பது என் கணிப்பு.

முதல் மனைவி விவியன் ஓரங்களில் எழுதிய குறிப்புகளும் இதில் உண்டு. பவுண்டின் புகழ் வெளிச்சத்தில் அவை பலர் கண்ணில் படுவதில்லை. மூலக் கவிதையைப் படிக்காதவர்கள் இதை முதலில் வாங்க வேண்டாம். பதிப்பாசிரியரின் குறிப்புகள் பெரும்பாலும் தாள்களின் வரலாற்றையே சொல்கின்றன. குறியீடுகளுக்கு உரை சொல்வதில்லை.