வீல்சேர், வாக்கர், ஏர் பெட்: நெல்லை வீடுகளில் எது தாங்கும், எது தாங்காது

நடமாட முடியாத பெரியவருக்கு வீல்சேர் வாங்குவதாக இருந்தால், ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் விலை விசாரிப்பதற்கு முன்னால் வீட்டில் டேப் பிடித்து அளந்துவிட வேண்டும். 18 இஞ்சு சீட் உள்ள சாதாரண மடக்கு வீல்சேர், கையால் உருட்டும் வளையத்தையும் சேர்த்தால் 25, 26 இஞ்சு அகலம் வரும். தார்சாவிலிருந்து (முன்கூடம்) பட்டாசலுக்கு (உள்கூடம்) போகும் வாசல் நிலையில் அது பெரும்பாலும் நுழைந்துவிடும். குளியலறையில் நுழையாது. அங்கே பல வீடுகளில் நிலையே இரண்டு அடிதான். அதிலும் திறந்து நிற்கும் கதவின் கனம் ஓர் இஞ்சுக்கு மேல் தின்றுவிடும். அதனால் கதவைத் திறந்து வைத்தபடியே அளக்கவும். ஆள் மெலிந்தவர் என்றால் 16 இஞ்சு சீட் போதும். குளியலறைக்கென்று சின்னச் சக்கரம் வைத்த கமோடு சேர் (நடுவில் துளையுள்ள கழிப்பறை நாற்காலி) தனியாக இருப்பது நல்லது. நிலையை இடித்து அகலப்படுத்தும் கொத்தனார் கூலியைவிட அது மலிவு.

காற்று டயரா, கட்டி ரப்பரா என்று கடையில் கேட்பார்கள். தெருவெல்லாம் கருவேல முள் கிடக்கிற ஊரில் யோசிக்கவே வேண்டாம், கட்டி ரப்பர்தான். கொஞ்சம் குலுங்கும், 2 இஞ்சு குஷன் போட்டால் சமாளிக்கலாம். நாள்பட முதலில் தொல்லை கொடுப்பது பிரேக். டயர் தேயத் தேய பிரேக் கட்டைக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி விழும். பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஓரிரு மில்லிமீட்டர் டயர் பக்கம் நகர்த்தி முறுக்கினால் மறுபடி பிடிக்கும். இதைச் செய்யாமல் விட்டால், கட்டிலிலிருந்து சேருக்கு மாற்றும்போது சேர் பின்னால் நழுவி ஆள் கீழே உட்கார்ந்துவிடுவார். முன்சக்கரம் திரும்ப மறுத்தால் உடனே பேரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். ஆச்சியின் தலைமுடியும் சேலை நூலும் அச்சில் சுற்றி இறுகியிருக்கும். பிளேடால் அறுத்து எடுத்தால் போதும்.

நிலைப்படிக்குச் சாய்தளம் போட 1க்கு 12 என்பது கணக்கு. 4 இஞ்சு படிக்கு 4 அடி நீளம் வேண்டும். வெல்டிங் பட்டறையில் செக்கர் பிளேட்டில் (வழுக்காதபடி மேடு மேடாக வரி போட்ட தகடு) செய்யச் சொல்லலாம், இரண்டு ஓரத்திலும் 2 இஞ்சு விளிம்பு வைத்து. பலகையை வெறுமனே சாத்தி வைக்கிற பழக்கம் ஆபத்து. சக்கரம் ஏறும்போது பலகை பின்னுக்கு நழுவும்.

வாக்கருக்கு உயரம்தான் முக்கியம். ஆள் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். நான்கு காலிலும் ஒரே எண் துளையில் பட்டன் ‘டக்’கென்று வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும். கால் நுனி ரப்பர் புஷ்ஷின் அடியில் உள்ள வரிகள் மழுங்கினால் அப்போதே மாற்ற வேண்டும். சில நாளில் உள்ளே இருக்கும் இரும்பு வாஷர் வெளியே தெரியும், ஈர டைல்ஸில் வழுக்கும். புதிது வாங்கப் போகும்போது பழைய புஷ்ஷையே கையில் கொண்டுபோங்கள், குழாய் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் குரோம் பூசிய இரும்பு சீக்கிரம் உரியும். அங்கே அலுமினியம்தான் வாங்க வேண்டும், கமோடு சேருக்கும் சேர்த்து.

கைப்பிடிக் கம்பி விஷயத்தில் பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவரில் ஆங்கர் போல்ட் நிற்காது. பாரம் விழுந்ததும் சாந்தோடு சேர்ந்து வந்துவிடும். ஒன்றேகால் இஞ்சு ஸ்டெயின்லெஸ் குழாயைத் தரையில் குழி எடுத்துக் கான்கிரீட்டில் ஊன்றி, மேலே மட்டும் சுவரோடு பிடித்தால் தாங்கும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இருக்கப் போடும், பம்ப்பால் காற்று ஏறி இறங்கும் குமிழ்கள் உள்ள ஏர் பெட்டில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பெட் நன்றாகவே இருக்கும், போட்ட முறை தப்பாக இருக்கும். வழக்கமான மெத்தையின் மேல் ஏர் பெட், அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். ரப்பர் ஷீட், ஜமுக்காளம், மடித்த போர்வை எல்லாம் அடுக்கினால் குமிழ்கள் மாறி மாறி ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாது. பம்ப்பில் அழுத்தத்தைக் கூட்டி வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கல் மாதிரி இறுகினாலும் புண் வரும். ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேராக ஏர் பெட்டின் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. பம்ப்பைக் கால்மாட்டில் தொங்கவிட்டு, குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளவும். பம்ப் உறுமுகிறது, ஆனால் குமிழ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் டயாபிராம் கிழிந்திருக்கும். அது மட்டும் மாற்றினால் போதும், புது பம்ப் வேண்டாம். கரண்ட் போனால் பெட் தட்டையாகும். கரண்ட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது.

கட்டில், ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) போன்ற பெரிய சாமான்களை முதலில் வாடகைக்கு எடுப்பதே புத்தி. ஏர் பெட்டும் குஷனும் பழையது வாங்க வேண்டாம். வீல்சேர் பழையது வாங்கலாம்: மடக்கி விரித்து, தள்ளிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் சட்டம் கோணியிருக்கிறது, அதை நிமிர்த்த முடியாது.

இலவசமாகக் கிடைக்க வழி உண்டு. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017இல் வந்தது. 60 வயது நிறைந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழோ மாதம் 15,000 ரூபாய்க்கு மிகாத வருமானமோ உள்ளவர்களுக்கு அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர், காது மெஷின், கண்ணாடி, பல்செட் தருகிறார்கள். முதலில் அளவெடுக்கும் முகாம், பிறகு வழங்கும் முகாம். நடுவே காத்திருக்க வேண்டும், அதுவரை வாடகைச் சாமான்தான். முகாம் எப்போது என்று கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்திலோ, 14567 முதியோர் உதவி எண்ணிலோ கேளுங்கள். பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம், அந்த வழி தனி. சாமான் கையில் வந்ததும் பிரேக், கால்தட்டு, புஷ் மூன்றையும் முகாமிலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவும். முதல் ஒரு வருடப் பராமரிப்பு அலிம்கோவின் பொறுப்பு.