வாக்கிங்கா, ஒட்டாகோவா, தாய்ச்சியா: வயதானவர்கள் விழாமல் இருக்க எது உதவும்?

வீட்டில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்துவிட்டால், அடுத்த நாளே கைத்தடி வந்துவிடும். கூடவே "தினமும் வாக்கிங் போங்க, கால் பலமாகும்" என்ற அறிவுரையும் வரும். சில வீடுகளில் இதற்கு நேர் எதிராக, "இனிமே தனியா எழுந்திருக்காதீங்க" என்று நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். அவர்களுக்கு எந்த வழி உண்மையில் பலன் தருகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாக்கிங்கை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ஒட்டாகோ, தாய்ச்சி போல, உடலைக் கொஞ்சம் தடுமாற வைத்து, அதைச் சமாளிக்கப் பழக்கும் பயிற்சிதான் காப்பாற்றும்.

ஏன் என்று புரிய, நாம் எப்படி நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். கண், உள்காது, பாதமும் கணுக்காலும் என்று மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. வெளிச்சத்தில் கெட்டியான தரையில் நிற்கும்போது பாதத்தின் உணர்வுக்குத்தான் பெரிய பங்கு. வயதாக ஆக மூன்றுமே மங்குகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் பாத உணர்வு இன்னும் சீக்கிரம் குறையும். ஒன்று குறைந்தால் மற்றவை ஈடுகட்டும் என்பதால் பிரச்சினை வெளியே தெரியாது. பகலில் நன்றாக நடமாடுபவர், ராத்திரி விளக்கைப் போடாமல் பாத்ரூம் போகும்போது தடுமாறுவது இதனால்தான். கண் உதவாத நேரத்தில் பாதமும் உள்காதும் மட்டும் போதவில்லை.

தசையின் கதை வேறு. வயதில் அதிகம் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். பலம் குறைவதைவிடச் சீக்கிரமாக அந்த வேகம் குறைகிறது. கால் இடறினால் அடுத்த காலைச் சட்டென்று எடுத்து வைக்க வேண்டுமே, அதற்கு அந்த வேகம்தான் வேண்டும். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பு இருப்பவரும் வாசற்படியில் இடறி விழுவது இப்படித்தான்.

சரி, வாக்கிங்குக்கு வருவோம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது. அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் சமமான சாலையில் நேராக நடப்பது உடலுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. நிலைதடுமாறினால் மீள்வதற்கு அது புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. 1997-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், கை எலும்பு முறிந்த பெண்களை வேக நடைக்கு அனுப்பினார்கள். அவர்கள் மற்ற குழுவைவிட அதிகமாக விழுந்தார்கள். ஏற்கெனவே தள்ளாட்டம் இருப்பவரை "வேகமாக நடங்க" என்று அனுப்புவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஒட்டாகோ பயிற்சி நியூசிலாந்தின் டுனெடின் நகரில் உருவானது. 80 வயதைத் தாண்டிய பெண்களிடம்தான் முதலில் சோதித்தார்கள். கணுக்காலில் எடைப்பட்டை கட்டி, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் ஐந்து பயிற்சிகள். பின்னோக்கி நடப்பது, எட்டு போட்டு நடப்பது, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது என்று சமநிலைக்குப் பன்னிரண்டு. வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம். வாக்கிங்கும் இதில் உண்டு, கூடுதல் வேலையாக. நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாமே வீட்டுக்குள் செய்யக்கூடியவை. பிசியோதெரபிஸ்ட் வந்து ஆளுக்கேற்ப அளவு சொல்லிவிட்டு, அவ்வப்போது பார்த்து அதைக் கூட்டினால் போதும்.

தாய்ச்சி சீனத்திலிருந்து வந்த, நிதானமான அசைவுகள் கொண்ட பயிற்சி. மெதுவாக உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதும், உடலைத் திருப்புவதும், முழங்காலைச் சற்று மடித்தே நிற்பதும்தான் அதன் உயிர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய 670 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் சமநிலைக்காக வடிவமைத்த தாய்ச்சி செய்தவர்கள், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். பலவகைப் பயிற்சி செய்தவர்களைவிட 31 சதவீதம் குறைவு.

இதை மட்டும் படித்தால் தாய்ச்சிதான் முதலிடம் என்று தோன்றும். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரன் அமைப்பு, 2019-இல் 108 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டது. விழுவது எவ்வளவு குறைகிறது என்றால், ஒட்டாகோ போலச் சமநிலையும் தசை பலமும் சேர்ந்த பயிற்சிக்கு 34 சதவீதம், தாய்ச்சிக்கு 19 சதவீதம் என்று கணக்கு வந்தது. வாக்கிங் மட்டும், அல்லது எடை தூக்குவது மட்டும் என்றால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை. நான் ஒட்டாகோ பக்கம்தான், அதுவும் 80 தாண்டியவருக்கும் ஏற்கெனவே விழுந்தவருக்கும். நம் ஊரில் தாய்ச்சி ஆசிரியர் கிடைப்பது அரிது; பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் கிடைப்பார். எழுபதுக்குக் கீழே, வெளியே போய்வரத் தெம்புள்ளவருக்கு, பக்கத்தில் நல்ல வகுப்பு இருந்தால் தாய்ச்சி அருமை. கூட்டாகச் செய்வதால் விட்டுவிட மாட்டார்கள். யோகா வகுப்பு போகிறவர்கள், நின்று செய்யும் ஆசனங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்து செய்யும் பிராணாயாமம் மனதுக்கு நல்லது, காலுக்கு உதவாது.

கைத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாரம் தாங்குவதோடு, தரையின் செய்தியைக் கை வழியாகவும் கொண்டுவருகிறது. ஆகவே வெட்கப்பட வேண்டாம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரம், அடியில் தேயாத ரப்பர், பலவீனமான காலுக்கு எதிர்க்கையில். ஆனால் தடி வந்துவிட்டது என்று பயிற்சியை விடக்கூடாது.

பயிற்சிக்குப் போட்டியாக நினைக்காமல் கூடவே செய்ய வேண்டியவை சில உண்டு. பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடி போட்டுக்கொண்டு படி இறங்கினால், கீழ்ப்பகுதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். அதிகம் வெளியே போகிறவர் தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. தூக்க மாத்திரைகள் இன்னும் முக்கியம். அதே டுனெடின் குழு 1999-இல், தூக்கத்துக்கும் மனதுக்கும் தரும் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தபோது விழுவது 66 சதவீதம் குறைந்தது. நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். வீட்டைச் சரிசெய்வதும் வேலை செய்கிறது, ஏற்கெனவே விழுந்தவர்களிடம் அதிகமாகவே. பாத்ரூமில் சுவரில் பதித்த கைப்பிடி, ராத்திரி விளக்கு, நழுவும் மிதியடியை எடுப்பது, தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுவது.

மயங்கி விழுந்தவருக்கும், எழுந்தவுடன் கண் இருட்டுபவருக்கும் எந்தப் பயிற்சியும் பிறகுதான், முதலில் டாக்டர். மற்றவர்கள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். முதலில் இரண்டு கை, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.