ஜெலுத்தோங் அண்ணனின் மீன்தொட்டிகள்: பெயரோடு ஊரையும் எழுதி விற்கிறவர்

ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டின் கார் கொட்டகையில் நடக்கும் கடை இது. பெயர்ப்பலகை கிடையாது. இருபத்திரண்டு தொட்டிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். நடத்துகிறவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறோம். குள்ள சிக்லிட் என்ற சின்ன வண்ண மீன்களைத் தவிர வேறு மீன் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றரை வருடமாகப் போய்வருகிறேன். பினாங்கில் ஆப்பிஸ்டோகிராமா (தென்னமெரிக்கக் குள்ள சிக்லிட்) வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இங்கே போகவேண்டும் என்று நினைக்கிறேன்.

இவரைத் தெரிவதற்கு முன்னால் வேறொரு கடையில் ஆப்பிஸ்டோகிராமாவில் ஓர் இனமான அகாசிசியை ‘அகாசிசி ஜோடி’ என்று 90 வெள்ளி கொடுத்து வாங்கினேன். ஆண் சரியான மீன்தான், ஈட்டிமுனை மாதிரிக் கூர்ந்த வால். பெட்டை சின்னதாக, வெளிறிய மஞ்சளாக இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் குகை வைத்தேன், கடற்கரையில் பொறுக்கிய கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்டேன், தினமும் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால் முட்டையைப் பொரித்துக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் ஒரு முட்டைகூட இல்லை. ஆண் விரட்டி விரட்டிப் பெட்டையின் துடுப்பு கிழிந்ததுதான் மிச்சம்.

போனில் இருந்த படத்தை அண்ணனிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “வாலைப் பாருங்க தம்பி” என்றார். அகாசிசிக்கு உடம்பின் நடுவே ஓடும் கறுப்புப் பட்டை வால் அடியோடு நிற்காது, வால் துடுப்புக்குள்ளும் போகும். என் பெட்டையின் வால் துடுப்பில் பட்டையே இல்லை. அதோடு வயிற்றோரமாக மெல்லிய கோடுகள் மூன்று. அது கக்கடூவாய்டஸ் என்ற வேறோர் ஆப்பிஸ்டோகிராமா இனத்தின் பெட்டை. ஆணாக இருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்: கக்கடூவாய்டஸ் ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்முட்கள் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். பெட்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால் அங்கேதான் குழப்பம் வருகிறது. அதனால் அண்ணன் பெட்டைகளை மொத்தமாக ஒரே தொட்டியில் போடுவதே இல்லை.

ஒவ்வொரு தொட்டியிலும் மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறார்: இனத்தின் பெயர், ஆறு அல்லது ஊர், காட்டில் பிடித்ததா தொட்டியில் பிறந்ததா. ஊர் தெரியாத மீன் என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். ‘டபுள் ரெட்’, ‘டிரிபிள் ரெட்’ கக்கடூவாய்டஸுக்கு அந்தக் கோடுதான். அது தொட்டிகளில் தேர்ந்தெடுத்து வளர்த்த நிறம், எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லை என்பார். மேக்மாஸ்டரி என்ற இனத்தை, அதைப் போலவே இருக்கும் ‘விஜிட்டா’ இனம் என்று எழுதினால் கூடுதல் விலைக்குப் போகும். இரண்டுமே கொலம்பியாவின் மெட்டா ஆற்றுப் பக்கத்து மீன்கள், இரண்டுக்கும் 1979இல் பெயர் வைத்தவர் மீன் ஆய்வாளர் குல்லாண்டர்தான். ஆனால் அண்ணன் மேக்மாஸ்டரி என்றுதான் எழுதுகிறார்.

நம்மூரில் எல்லோரும் ‘கிரிப்’ என்று கேட்கும் மீனின் தொட்டியில் அதன் சரியான இனப்பெயரான ‘புல்கர்’ என்று இருக்கும். கிரிபென்சிஸ் என்ற பெயர் 2014 முதல் கமரூன் மீனுக்குத்தான். மொலிவே, நாங்கே இரண்டும் அதன் வட்டார வகைகள். அண்ணனிடம் அவை பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கின்றன, ஒன்றாகப் போடுவதில்லை.

அப்புறம் நான் அவரிடமே தெஃபே என்ற ஊர்ப்பெயர் எழுதிய அகாசிசி ஜோடி வாங்கினேன், 120 வெள்ளி. நான்காவது வாரம் ஆண் தொட்டியை விட்டுக் குதித்துச் செத்துப்போனது. பெட்டை தனியாக இருக்கிறதே என்று ஓடினேன். அலெங்கேர் என்ற வேறு ஊரின் அகாசிசி ஆண் நான்கு இருந்தது, நல்ல வளர்ந்த மீன். கையில் பணத்தை எடுத்துவிட்டேன். “உங்க பெட்டைக்கு இது கொடுக்க மாட்டேன்” என்றார். தெஃபே அமேசானின் மேற்குப் பக்கம், அலெங்கேர் கிழக்கே சந்தாரெம் பக்கம். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். குஞ்சு பொரித்தால் அதற்கு எந்த ஊர் எழுதுவீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மூன்று மாதம் கழித்துத் தெஃபே ஆண் வந்ததும் அவரே செய்தி அனுப்பினார். விற்கிற மீனை விற்காமல் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல்தான் திறப்பார், வெள்ளிக்கிழமை கிடையாது. கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. கையெழுத்து சில தொட்டிகளில் புரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. பயந்த மீனில் பட்டைகள் மங்கிவிடும், பையில் போட்டபின் பெயரைச் சரிபார்க்க முடியாது என்பதால், நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடமாவது பார்த்த பிறகுதான் வலையை எடுப்பார்.

பணமாகக் கொண்டுபோங்கள். வீட்டுத் தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். என் தெஃபே ஆண் வெளியே வந்தது, ஃபில்டர் குழாய்க்காக நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளியில்.