வீட்டு இணைய போனுக்கு மாற்றுவழி: அடாப்டரிலா, சேவை நிறுவனத்திடமா, சொந்த சர்வரிலா?

சாதாரண போனை ஒரு சின்ன அடாப்டர் வழியாக இணையத்தோடு இணைத்துவிட்டால், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இணையமோ கரண்டோ போகிற அன்றுதான் கேள்வி வரும்: நமக்கு வரும் அழைப்பு எங்கே போகிறது? நாம் அழைத்தால் எந்த வழியாகப் போகும்? இதற்கான ஏற்பாட்டை மூன்று இடங்களில் செய்யலாம். அடாப்டருக்குள்ளேயே செய்யலாம், எண்ணை வைத்திருக்கும் சேவை நிறுவனத்தின் கணக்கில் செய்யலாம், ஆஸ்டெரிஸ்க் போன்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை வைத்துச் சொந்த சர்வரிலும் செய்யலாம். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வரும் அழைப்புக்குச் சேவை நிறுவனம், போகும் அழைப்புக்கு மட்டும் அடாப்டர் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குரல் தரத்தில் மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குரலைத் தரவாக மாற்றும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட்தான் எடுக்கும். அதை விட்டுவிடலாம்.

அடாப்டரின் பலம் டயல் பிளான். எந்த எண்ணில் தொடங்கினால் எந்தக் கணக்கு வழியாகப் போக வேண்டும் என்று அதில் எழுதிவிடலாம். வெளிநாட்டு அழைப்புக்கு ஒரு நிறுவனம், உள்ளூருக்கு இன்னொன்று என்று பிரிக்க இதைவிட எளிய இடம் கிடையாது. ஓபி200 என்ற அடாப்டரில் நான்கு கணக்குகள் வரை வைத்து, ட்ரங்க் குரூப் என்ற ஒரு தொகுப்பில் வரிசைப்படுத்தலாம். நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும் முதல் கணக்கு வழியாக அழைப்பு போகும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 (HT801) அடாப்டரில் முதன்மை சர்வருக்குக் கீழேயே, அது விழுந்தால் எடுத்துக்கொள்ளும் ஃபெயில்ஓவர் சர்வருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எச்டி813 பழைய தொலைபேசிக் கம்பியையும் ஏற்கும். கரண்ட் போனால் போனை அந்தக் கம்பியோடு நேரடியாக இணைத்துவிடும். வீட்டில் கம்பி இன்னும் உயிரோடு இருந்தால், அவசர எண்களை டயல் பிளானில் அந்தப் பக்கம் திருப்பிவிடுவதைத்தான் முதல் வேலையாகச் செய்வேன்.

ஆனால் அடாப்டரின் ஃபெயில்ஓவரில் ஒரு சங்கடம் உண்டு. சர்வர் "503, இப்போது முடியாது" என்று பதில் சொன்னால் அடாப்டர் அடுத்ததற்கு உடனே தாவலாம். சர்வர் மௌனமாக இருந்தால்தான் தொல்லை. இணைய அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையான எஸ்ஐபியின் அடிப்படை விதிகளைச் சொல்லும் ஆவணம் ஆர்எஃப்சி 3261. அது தரும் கணக்குப்படி, பதில் வராத அழைப்பைக் கைவிட அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி ஆகும். அதுவரை காதில் போனை வைத்துக்கொண்டு யார் நிற்பார்கள்? டைமரைக் குறைக்க இடம்தரும் அடாப்டர் என்றால் குறைத்துவிடுங்கள். எந்தப் பதிலுக்குத் தாவ வேண்டும் என்பதையும் பார்த்து வையுங்கள். எதிராளி பிஸி என்று சொல்லும் 486க்கும் தாவும்படி விட்டால், அதே ஆளை இன்னொரு நிறுவனத்தின் வழியாகவும் அழைத்து, மறுபடியும் பிஸி என்றே கேட்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் போகும் அழைப்புக்கு. வரும் அழைப்புக்கு அடாப்டரை நம்புவது, மாற்றுச் சாவியைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைத்த கதை. வீட்டில் வழக்கமாக விழுவது கரண்டும் இணையமும்தான். இரண்டில் எது விழுந்தாலும் அடாப்டர் எதையும் திருப்பிவிடும் நிலையில் இருக்காது. நான்கு நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்தும் பயனில்லை. உங்கள் எண் இருப்பது ஒரே நிறுவனத்திடம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை அவர்களால்தான் வேறு பக்கம் அனுப்ப முடியும்.

சேவை நிறுவனத்தின் கணக்கில் பொதுவாக மூன்று நிலைகளுக்குத் தனித்தனியாக வழி சொல்லலாம்: பிஸியாக இருந்தால், யாரும் எடுக்காவிட்டால், சாதனம் தொடர்பிலேயே இல்லாவிட்டால். மூன்றாவதில் மொபைல் எண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. சாதனம் தொடர்பில் இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஏற்பாடு பலிப்பதும் பலிக்காததும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

அடாப்டர் அவ்வப்போது சர்வரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு; பெரும்பாலும் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் என்றே அமைந்திருக்கும். இப்போது பதிவு புதுப்பிக்கப்பட்ட அடுத்த நிமிடமே கரண்ட் போகிறது என்று வையுங்கள். அடுத்த 59 நிமிடமும் சர்வரின் கணக்கில் உங்கள் அடாப்டர் உயிரோடுதான் இருக்கிறது. உயிரில்லாத அந்தச் சாதனத்துக்கே அழைப்பு போகும், பதில் வராது. சில நிறுவனங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "தொடர்பில் இல்லை" வழியை எடுக்கும். சில, "எடுக்கவில்லை" என்று கணக்கிட்டு வாய்ஸ்மெயிலுக்குத் தள்ளிவிடும். எனவே பதிவின் ஆயுளை 300 விநாடிக்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள். சர்வருக்கு அது மிகக் குறைவு என்றால் 423 என்று பதில் சொல்லி, குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்றும் தெரிவிக்கும். நீங்கள் கேட்ட ஆயுள் அல்ல, சர்வர் ஒப்புக்கொண்ட ஆயுள்தான் செல்லும். அடாப்டரின் நிலைப் பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம். அப்புறம், "எடுக்கவில்லை" வழியிலும் அதே மொபைலைப் போட்டுவிடுங்கள். சர்வர் எப்படிக் கணக்கிட்டாலும் அழைப்பு உங்களிடம் வந்துவிடும்.

பதிவு இருந்தும் அழைப்பு வராத இன்னொரு நிலையும் உண்டு. ரவுட்டர் வெளியே போன இணைப்புக்காகத் திறந்த கதவை, போக்குவரத்து இல்லையென்றால் மூடிவிடும். எஸ்ஐபி வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி என்ற வகை இணைப்பை 2 நிமிடத்துக்கு முன் மூடக்கூடாது என்கிறது ஆர்எஃப்சி 4787. அதற்கு முன்பே மூடிவிடும் வீட்டு ரவுட்டர்களும் இருக்கின்றன. கதவு மூடாமல் இருக்க அடாப்டர் அனுப்பும் கீப்அலைவ் தகவலின் இடைவெளியை 20 விநாடி அளவில் வைத்து, எஸ்ஐபி தகவல்களைத் தானாகத் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜியை ரவுட்டரில் அணைத்துவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

சேவை நிறுவனத்தின் வழியிலும் செலவு இல்லாமல் இல்லை. மொபைலுக்குத் திருப்பும் அழைப்பு, கணக்கில் இரண்டாவது அழைப்பாக ஏறும். அழைப்பவரின் எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணே மொபைலில் தெரியக்கூடும். மொபைலையும் வீட்டு எண்ணுக்கே திருப்பி வைத்திருந்தால் அழைப்பு சுற்றிச் சுற்றி வரும். எஸ்ஐபியில் இதற்கு ஒரு தடுப்பு எண்ணிக்கை இருந்தாலும், மொபைல் வலையமைப்பைத் தாண்டியும் அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அந்த நிறுவனமே விழுந்துவிட்டால்? ஒன்றும் செய்வதற்கில்லை.

சொந்த சர்வர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க்கை ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியிலேயே ஓட்டலாம். இரவில் ஒரு வழி, பகலில் ஒரு வழி, தொல்லை எண்களுக்கு ஒரு வழி என்று மற்ற இரண்டிலும் கிடைக்காத சுதந்திரம் கிடைக்கும். ஆனால் அதுவும் அதே வீட்டில், அதே கரண்டில்தான் ஓடுகிறது. பழுதாக இன்னொரு பொருள் கூடுகிறது, அவ்வளவுதான். வெளியே சர்வர் வாடகைக்கு எடுத்தால் அந்தக் குறை போகும். ஆனால் அங்கே எஸ்ஐபியின் வழக்கமான வாசலான 5060 போர்ட்டைத் தட்டிப் பார்ப்பவர்கள் ஓய்வதே இல்லை. பலவீனமான கடவுச்சொல் ஒன்று போதும், உங்கள் செலவில் யாரோ பேசிவிடுவார்கள். இதில் விளையாட விருப்பமுள்ளவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. வீட்டு போனுக்கு இவ்வளவு பராமரிப்பு தேவையில்லை என்பது என் கணிப்பு.

மொபைல் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் இரட்டை இணைப்பு ரவுட்டர் நான்காவது வழி. அதில் என் பழக்கம் குறைவு. தாவியதும் முகவரி மாறிவிடுவதால், அடாப்டர் மறுபடி பதிவாகும் வரை வரும் அழைப்பு கிடைக்காது என்பதை மட்டும் பார்த்தேன். இங்கேயும் பதிவின் குறைந்த ஆயுள்தான் கைகொடுத்தது. ரவுட்டருக்கும் அடாப்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் எந்த வழிக்கும் நல்லது.

எதை அமைத்தாலும் சோதித்துப் பாருங்கள். அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் ரீபூட் அழுத்திச் சோதிப்பது போதாது. சில அடாப்டர்கள் அணையும் முன் பதிவை நீக்கச் சொல்லிவிட்டுத்தான் அணையும். கரண்ட் போகும்போது அந்த மரியாதைக்கெல்லாம் நேரம் இருக்காது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு உடனே அழையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து அழைத்தால் பதிவு காலாவதியாகி எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அழைப்பதற்கு வேறொரு போன் வேண்டும். திருப்பிவிட்டிருக்கும் மொபைலில் இருந்தே அழைத்தால் உங்களுக்கு நீங்களே பிஸி.