1200 வரும், 75 போகும்: ரிச்சி ஸ்ட்ரீட் பழைய மோடம் தேறுமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் குவியலைக் கிளறும்போது ராக்வெல் சிப் போட்ட வெளி மோடம் (கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் பெட்டி) கையில் சிக்கினால் விடாதீர்கள். வி.23 என்ற, இரு திசைக்கும் வெவ்வேறு வேகம் கொண்ட பழைய மோடம் முறையை ஓட்ட இதைவிடத் தலைவலி குறைந்த வழி கிடையாது.

வி.23-இல் அழைக்கும் பக்கம் நொடிக்கு 1200 பிட்டில் வாங்கும், 75-இல் அனுப்பும். பிசியின் 16550 சீரியல் சிப்பிலோ இரண்டு திசைக்கும் ஒரே கடிகாரம், அதாவது ஒரே வேகம். லினக்ஸில் இரண்டு வேகம் தனித்தனியாகக் கேட்டாலும் சாதாரண போர்ட் தராது. அனுப்பும் கம்பியை 0 நிலையில் பிடித்துவைக்கும் பிரேக் பிட்டை ஆட்டி 75-ஐ மென்பொருளிலேயே உருவாக்கும் பழைய வித்தை உண்டு; யுஎஸ்பி சீரியல் கேபிளில் நேரம் பிசகி அது குப்பையைத்தான் அனுப்பும்.

இந்த மோடத்தில் அந்தத் தொல்லை இல்லை. கணினியோடு இருபுறமும் 9600, லைனில் 1200/75, நடுவில் பஃபர், அதாவது வந்ததைச் சேர்த்துவைத்து மெதுவாக அனுப்பும் நினைவகம். கட்டளை: ஏடிஎஃப்3\என்0&கே3 (ATF3\N0&K3). எஃப்3 வி.23-ஐப் பிடிக்கும். \என்0 பஃபரைப் போடும். தவறி \என்1 கொடுத்தால் பஃபர் போய், பழைய சிக்கலே திரும்பிவிடும். &கே3 ஆர்டிஎஸ், சிடிஎஸ் கட்டுப்பாடு: பஃபர் நிறைந்தால் கணினியை நிறுத்திவைக்கும்.

75 பிட் என்றால் நொடிக்கு ஏழரை எழுத்து. கையால் தட்டினால் தெரியாது. 500 எழுத்தை மொத்தமாக ஒட்டினால் போய்ச்சேர 67 நொடி. தொடக்கம் சரியாகப் போய் நடுவில் எழுத்து காணாமல் போனால் மோடத்தைத் திட்டாதீர்கள், கேபிளைப் பாருங்கள்: மூன்றே கம்பி உள்ள மலிவு கேபிளாக இருக்கும். 9 முனை பக்கம் 7 (ஆர்டிஎஸ்), 8 (சிடிஎஸ்) இரண்டும் மறுமுனைவரை போகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தே வாங்குங்கள். பாதி எழுத்து மட்டும் விநோதக் குறியாக வந்தால் பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) பொருந்தவில்லை: 7 பிட், ஈவன், 1 ஸ்டாப் வையுங்கள்.

அடாப்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோடத்தின் அடியில் 9 வோல்ட் பக்கத்தில் அலைக்கோடு இருந்தால் ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் வேண்டும். கடையில் நீட்டும் டிசி அடாப்டரைச் செருகினால் விளக்கு எரியலாம். சீரியல் பக்கத்துக்கு வேண்டிய மைனஸ் வோல்டேஜ் வராது. மூடியைக் கழற்றி, உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேண்ட்லைன் இல்லாமலே சோதிக்கலாம். இரண்டு மோடம், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், எல்லாம் தொடராக. ஒன்றில் ஏடிஎக்ஸ்3டி (ATX3D, டயல் டோனுக்குக் காத்திராமல் அழைக்கும்), மற்றதில் ஏடிஏ (ATA, பதில் சொல்லும்). பதில் சொல்லும் பக்கத்தில் வேகம் தலைகீழ்: அதுதான் 1200-இல் அனுப்பும்.