ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: பறக்கிற நேரமும் வீடு போய்ச் சேருற நேரமும்

ரொறன்ரோவிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்கு ஆகக் குறுகிய வான்வழி ஏறத்தாழ 14,000 கி.மீ. நேரடி விமானம் இல்லை. டுபாய் வழி என்றால் முதற்பகுதி 11,000 கி.மீ., சுமார் 13 மணித்தியாலம். மிச்சம் 3,300 கி.மீ., நாலரை மணித்தியாலம். லண்டன் வழி 5,700 கி.மீ.க்கு ஏழு, பிறகு 8,700 கி.மீ.க்குப் பத்தரை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், தூரமும் பறக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே ரிக்கெற் எடுக்கும்போது பார்க்கவேண்டியது இடையில் காத்திருக்கிற நேரம். மூன்று, மூன்றரை மணித்தியாலம் நல்லது. ஒன்றரை என்றால், முதல் விமானம் பிந்தினால் ஆளும் தவறும், பெட்டியும் தவறும். திரும்பி வரும்போது மேல்காற்று எதிர்த்து அடிக்கும். டுபாய்–ரொறன்ரோ 14 மணித்தியாலம் வரை இழுக்கும்.

திகதியில்தான் பலர் பிழை விடுகிறார்கள். குளிர்காலத்தில் இலங்கை ரொறன்ரோவைவிடப் பத்தரை மணித்தியாலம் முன்னால், கோடையில் ஒன்பதரை. வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, டுபாயில் மூன்றரை மணித்தியாலம் நின்றால், குளிர்காலத்தில் இறங்குவது ஞாயிறு காலை 5.30. ரிக்கெற்றில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும். அதைக் கவனியாமல், கூட்டிப்போக வருகிற வான்காரருக்குச் சனி என்று சொன்னால், அவர் ஒரு நாள் முந்தி வந்து நிற்பார்.

பெட்டியைக் கொடுத்ததும் கைபிடியில் ஒட்டுகிற துண்டை வாசியுங்கள். கொழும்பின் குறியீடு சி.எம்.பி. இடைநகரத்தின் குறியீடு மட்டும் இருந்தால், பெட்டி கொழும்பு வரை போகுமா என்று கவுண்டரை விட்டு நகர முன்னமே கேளுங்கள்.

கட்டுநாயக்கவில் குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் 370 கி.மீ.க்குக் கிட்ட. கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று போனால் வான் வண்டியில் ஆறு, ஏழு மணித்தியாலம். இரவு முழுக்க ஓடிவந்த சாரதியை உடனே திருப்பி ஓட விடாதீர்கள். வெளிக்கிட முன் நித்திரை கொண்டாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். ரொறன்ரோ வீட்டுக் கதவிலிருந்து யாழ்ப்பாண வீட்டு வாசல் வரை 32, 33 மணித்தியாலம் ஆகும்.

சென்னை வழி யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் போனால் அந்த நீண்ட வீதிப் பயணம் இல்லை. சென்னை–பலாலி 360 கி.மீ.தான், ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். ஆனால் அங்கே ஓடுவது ஏ.டி.ஆர். என்கிற சிறிய விமானம். கனடாவிலிருந்து பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி தருவார்கள்; அந்த நிறை அதில் அப்படியே ஏறாது, மேலதிகத்துக்குக் காசு. ரிக்கெற் தனித்தனி என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுத்து மறுபடி கொடுக்கவேண்டும். கனேடியக் கடவுச்சீட்டுக்கு அதற்கு இந்திய விசா கட்டாயம். இல்லாவிட்டால் ரொறன்ரோவிலேயே ஏற விடமாட்டார்கள். வயதானவர்களோடு, இரண்டு கைப்பெட்டி அளவு சாமானோடு போகிறவர்களுக்கு இந்த வழி நல்லது. கலியாண வீட்டுச் சாமானோடு போகிறவர்கள் கட்டுநாயக்கவிலேயே இறங்குங்கள்.