தேவனாம்பட்டினம் அக்கா கடை: மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மதியச் சாப்பாடு

கடலூர் சில்வர் பீச்சுக்கு வருகிறோம், நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு மூன்று வருடமாக நான் ஒரே கடையைத்தான் சொல்லி வருகிறேன். தேவனாம்பட்டினம் ஊருக்குள், கடற்கரைக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு அக்கா நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது. அக்கா கடை என்று கேட்டால் சின்னப் பையன்கூட வழி காட்டுவான். நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை, பின்னால் விறகு அடுப்பு, அவ்வளவுதான் கடை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். மே மாதக் கடைசி, தடைக்காலம், அதுவும் பள்ளி விடுமுறை என்பதால் நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமிருந்து வேன் வேனாக ஜனம் வந்து இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் வஞ்சிரம் வறுவல் கேட்டது. "வஞ்சிரம் இல்லம்மா. இப்ப எங்க கேட்டாலும் ஐஸ் மீனுதான் வரும். என்கிட்ட நெத்திலியும் மடவையும் இருக்கு, காலையில வந்தது, வேணும்னா உட்காருங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். வந்த ஆட்களை இழந்தாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொல்கிற கடை இது. இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். இந்த இரண்டு மாதமும் முதுநகர் துறைமுகத்துக்குப் போனால் படகுகளை வரிசையாகக் கட்டிவிட்டுப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது என்றுதான் வேலை நடக்கும். மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணமாக 8,000 ரூபாய் கொடுக்கிறது, இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும் என்று வீடு நடத்துகிறவர்களுக்குத் தெரியும். கட்டுமரமும் ஃபைபர் படகும் மட்டும் கரையோரமாகப் போய்விட்டுத் திரும்பும். அதில் கிடைப்பது நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், கொஞ்சம் நண்டு. உப்பனாற்றில் வலை போட்டால் மடவையும் இறாலும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே தட்டில் விழுகிற பெரிய மீன் பெரும்பாலும் கேரளா பக்கமிருந்து ஐஸில் வருவது. அங்கே தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும்.

இது தெரியாமல் நான்கு வருடம் முன்பு, இதே மே மாதத்தில், சென்னையிலிருந்து வந்த என் மாமா குடும்பத்தைக் கடற்கரைப் பக்கம் வேறொரு கடைக்கு அழைத்துப் போனேன். "இப்பதான் போட்டுல வந்துச்சு" என்று சொல்லி ஒரு துண்டு வஞ்சிரம் 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மசாலாவைச் சுரண்டினால் உள்ளே சதை பஞ்சு மாதிரி, வாயில் வைக்க முடியாத வாடை. மாமாவின் சின்னப் பெண் இரவு முழுக்க வாந்தி. மீனைவிட அந்தப் பொய்தான் எனக்கு ஆறவே இல்லை. ஐஸ் மீன் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்போம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு நெத்திலிக் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார். புளியைக் குறைத்து மாங்காய்ப் புளிப்பிலேயே குழம்பை நிறுத்தியிருந்ததால் காரம் தொண்டையைப் பிடிக்காமல் மெதுவாக ஏறியது. நெத்திலி உடையவே இல்லை, முள்ளோடு அப்படியே மென்றுவிடலாம். மடவையை நடுவில் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவித் தோசைக்கல்லில் போட்டுத் தருகிறார். சோள மாவு, சிவப்புக் கலர் எதுவும் கிடையாது. ஆற்று மடவையில் சிலசமயம் சேற்று வாடை அடிக்கும், இங்கே இதுவரை ஒரு தடவைகூட எனக்கு அப்படி வந்ததில்லை. கல் உப்பும் புளித்தண்ணீரும் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன் சரியாக வராத நாளில் கருவாட்டுக் குழம்பு வைப்பார். பண்ருட்டிப் பலா வரத்து இருக்கும் இந்த நேரத்தில் அதில் கத்தரிக்காயோடு பலாக்கொட்டையும் விழும். கருவாட்டு உப்பை எல்லாம் அந்தக் கொட்டை இழுத்து வைத்துக்கொண்டு மாவு மாதிரி வெந்திருக்கும். வருடத்தில் இரண்டு மாதம்தான் கிடைக்கும் என்பதால் நான் அதற்காகவே கருவாட்டு நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவேன். சாப்பாடு 100 ரூபாய், குழம்பும் ரசமும் மோரும் அதில் அடக்கம், வறுவலுக்குத் தனி. வறுவல் விலை தினமும் மாறும், கரும்பலகையில் காலையிலேயே எழுதிவிடுவார்.

மற்ற நாட்களிலும் கடை ஊரோடு சேர்ந்துதான் நடக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா முடிந்து தென்பெண்ணையிலிருந்து சுருளிக்கிழங்குப் பையோடு திரும்புகிற கூட்டத்தில் பாதி சாயங்காலம் கடற்கரைக்கும் வரும், அன்று மட்டும் ராத்திரியும் அடுப்பு எரியும். மாசி மகத்தன்று சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்கும்போது மீனே சமைக்க மாட்டார், வாசலில் பானை பானையாக நீர்மோர் வைத்திருப்பார். மழைக்காலத்தில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடை மூடியிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதன்பின் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்ததே, அப்போது பத்து நாளைக்கு மேல் அடுப்பு எரியவில்லை. கொட்டகைக் கீற்றும் பறந்துபோய்விட்டது.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு மேல் போனால் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது கஷ்டம். ஒரு நாற்காலியாவது வெளியே போடலாம், இதை அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். தெருவுக்குள் கார் போகாது, கடற்கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீர் சிலசமயம் நின்றுவிடும். கூட்ட நாளில் நெட்வொர்க் கிடைக்காமல் போன் பேமென்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பார்சலுக்குப் பாத்திரம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், சூடான குழம்பைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றித் தர மாட்டார், அது எனக்குப் பிடித்த விஷயம்.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். பன்னிரண்டரைக்குள் வந்துவிடுங்கள், இரண்டரைக்குச் சட்டியைக் கழுவிவிடுவார். வஞ்சிரமும் சங்கராவும்தான் வேண்டும் என்பவர்கள் ஜூன் 14 ராத்திரி படகு கிளம்பி, மீன் கரைக்கு வந்து சேரும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அதற்கு முன்பே இன்னொரு தடவை போகிறேன், பலாக்கொட்டை தீர்வதற்குள்.